குளிர்காலப் பறவைகளுக்குக் கொல்லையில் இடம் கொடுங்கள்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



பயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பேச வந்தவன் குருவியைப் பற்றிப் பேசுகிறானே என்று தாங்கள் எண்ணக்கூடும். நான் பேசப் போவதும் பயிர்ப் பாதுகாப்புதான். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பே நம் வீட்டுக் கொல்லையில் செய்து முடிக்கக்கூடிய பகுதி அது. செலவு மிகக் குறைவு. இதில் பாதி வேலை, இப்போது நாம் செய்துகொண்டிருக்கும் சில காரியங்களைச் செய்யாமல் விடுவதுதான்.

புரட்டாசி பிறந்ததும் வடக்கிலிருந்து பறவைகள் நம் பக்கம் வரத் தொடங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வரவு பெருகும். பங்குனி வரை தங்கிவிட்டுச் சித்திரை வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். ஏரியிலும் குளத்திலும் இறங்கும் வாத்து, நாரைகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்ப்பதற்கென்றே பேருந்து ஏறிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அதே நாட்களில் நம் வீட்டுக் கொல்லைக்கும் வேலிப் புதருக்கும் வரப்புக்கும் சந்தடியில்லாமல் வந்து சேரும் சிறு பறவைகளை யாரும் கவனிப்பதில்லை. உழவனுக்கு வேண்டியவை இவைதாம். இவற்றுள் மிகப் பல தானியத்தைத் தொடுவதில்லை. பூச்சியைத் தின்று உயிர் வாழ்பவை. அவை தங்கும் காலமோ சம்பா, தாளடிப் பயிர் வளர்ந்து கதிர் வாங்கும் காலம். அதன்பின் நெல் தரிசில் உளுந்தும் பயறும் பூக்கும் காலம்.

குளிர்நாடுகளில் பனி தரையை மூடிவிடுவதால் பறவைகளுக்கு இரை கிடைப்பதில்லை. அங்குள்ளவர்கள் விதையும் கொழுப்பும் தட்டில் வைத்து வாசலில் தொங்கவிடுகிறார்கள். அதைப் பார்த்து நம் நகரங்களிலும் சிலர் தீவனத் தட்டு வாங்கி மாட்டுகிறார்கள். அவர்கள் நாட்டுக்கு அது சரி. நம் குளிர்காலத்தில் பறவைக்குக் குறைவது தானியமன்று. அடைமழையில் ஒதுங்குவதற்கு அடர்ந்த செடி, இரை தேடச் சருகு, உட்கார உயரமான ஒரு கொம்பு, நஞ்சு கலவாத பூச்சி ஆகிய நான்கும்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. நான்கையும் கொடுக்கக் கூடியவர்கள் தாங்கள்தாம்.

யார் யார் வருகிறார்கள்?

ஆறுமணிக் குருவி என்று ஒரு பறவை உண்டு. மைனாவைவிடச் சற்றுச் சிறியது; வால் குட்டையாக இருக்கும். முதுகு பச்சை, சிறகில் நீலத் திட்டு, வாலின் அடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. காலை ஆறு மணி அளவிலும் மாலை ஆறு மணி அளவிலும் விசில் அடிப்பதுபோல இரண்டு தட்டாகக் கூவுவதால் இப்பெயர் பெற்றது. இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிலேயே பறந்து பறந்து நம்மிடம் வருகிறது. தோட்டத்து நிழலில் சருகைப் புரட்டிப் புழு, கரையான், வண்டு ஆகியவற்றைப் பொறுக்கித் தின்னும்.

வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வரப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஓடித் திரியும் வாலாட்டிகளைத் தாங்கள் அறிவீர்கள். மஞ்சள் வாலாட்டி மேய்கிற மாட்டின் காலடியிலேயே நடந்து, மாடு கிளப்பிவிடும் ஈயையும் பூச்சியையும் பிடிக்கும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிளவுபட்ட வாலுள்ள தகைவிலான், வயலுக்கு மேலே தாழப் பறந்து பறக்கும் பூச்சிகளை வாயில் வாரிக்கொள்ளும். பழுப்புக் கீச்சான் வேலியின் உச்சிக் கிளையில் தனியாக உட்கார்ந்து, கீழே ஊரும் புழுவையும் வெட்டுக்கிளியையும் பாய்ந்து பிடிக்கும். கண்ணில் திருடன் முகமூடி போட்டதுபோல ஒரு கறுப்புக் கோடு அதற்கு உண்டு.

இன்னொன்று, பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லாத ஒரு பழுப்பு நிறக் குருவி. கதிர்க்குருவி வகையைச் சேர்ந்தது. கட்டைவிரல் பருமன்தான் உடம்பு. வேலிக்குள் ஒளிந்துகொண்டு நாள் முழுவதும் 'டக், டக்' என்று நாக்கைச் சொடுக்குவதுபோல ஒலி கொடுத்துக்கொண்டே இலைக்கு இலை தாவிச் சின்னஞ்சிறு பூச்சிகளைப் பொறுக்கும். அது நடு ஆசியாவிலிருந்து வருகிறது என்றால் நம்பத் தோன்றாது.

இவற்றின் வழக்கம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். காலில் வளையமிட்டு விட்டுப் பார்த்தவர்கள், கீச்சானும் கதிர்க்குருவியும் சென்ற ஆண்டு குளிர்காலத்தைக் கழித்த அதே தோட்டத்துக்கே மறு ஆண்டும் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, நம் ஊரில், நம் வேலியில், தன் பழைய இடத்தைத் தேடி இறங்குகிறது. அந்த வேலியைச் சித்திரையில் வெட்டிக் கம்பி கட்டியிருந்தால் அது போய்ச் சேர வேறு இடம் தேட வேண்டும். அக்கம்பக்கத்து வேலிகளிலெல்லாம் முன்பே வேறு பறவைகள் இடம் பிடித்திருக்கும்.

வந்த விருந்தாளிகளைத் தவிர, உள்ளூரிலேயே இருக்கும் கரிச்சான், மைனா, கொண்டலாத்தி, பனங்காடை, செம்போத்து, தையல்சிட்டு, உண்ணிக்கொக்கு, புள்ளி ஆந்தை, கூகை ஆகியவையும் இதே வசதிகளைத்தான் நாடுகின்றன. ஒன்றுக்குச் செய்தால் எல்லாவற்றுக்கும் செய்ததாகும்.

உயிர்வேலியும் சருகு மூலையும்

கம்பிவேலி கட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. ஆடு மாடு நுழையாது, இடம் அடைக்காது என்பது உண்மை. ஆனால் கம்பிவேலியில் ஒரு பூச்சிகூடத் தங்காது. ஆகவே ஒரு குருவியும் தங்காது. ஒரு நடுவழி சொல்கிறேன். கம்பி கட்டியவர்கள் அதை அவிழ்க்க வேண்டாம். கம்பியை ஒட்டி உட்புறமாகக் கிளுவைப் போத்துகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றிவிடுங்கள். இடையிடையே நொச்சி, ஆடாதொடை, மருதாணி வையுங்கள். மூலைக்கு மூலை ஒரு கொடுக்காப்புளியோ இலந்தையோ இருக்கட்டும். கோவைக்கொடி தானாக ஏறினால் பிடுங்காதீர்கள். அதன் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். காய் நமக்கும் கறிக்கு ஆகும்.

கல்யாண முருங்கை என்கிற முள்முருங்கையை இரண்டு மூன்று இடங்களில் நட்டுவையுங்கள். இலை ஆட்டுக்குத் தீவனம். மிளகுக் கொடி ஏறவும் உதவும். தை, மாசியில் இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும்போது தேன்சிட்டு, மைனா, கரிச்சான், சூறைக்குருவி எல்லாம் அதில் கூடுவதைக் காணலாம். இலவ மரமும் அப்படியே. உன்னிச்செடியை மட்டும் வேலிக்கு வைக்காதீர்கள். பழத்தைப் பறவை தின்னும் என்பது மெய்தான். தின்ற பறவையே விதையைக் காடு மேடெல்லாம் பரப்பிவிடும். மேய்ச்சல் நிலத்தை அது மூடிவிட்டால் வெட்டி மாளாது. இலையைத் தின்ற மாட்டுக்கும் நஞ்சாகும்.

வேலியைக் கவாத்துச் செய்வதில் ஒரு முறை வேண்டும். முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிப்பது நம் வழக்கம். அதற்குப் பதிலாக இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என்று மாற்றி மாற்றி வெட்டுங்கள். ஐப்பசி முதல் தை வரை தொடவே வேண்டாம். வாடைக் காற்றோடு மழை நாள் கணக்கில் பெய்யும்போது சிறு பறவைகள் ஒதுங்கும் வீடு அதுதான்.

அடுத்தது சருகு. விடிந்ததும் கொல்லையைப் பெருக்கிக் குப்பையைக் கூட்டிக் கொளுத்துவது நல்ல குடித்தனத்துக்கு அடையாளம் என்று நம் தாய்மார்கள் எண்ணுகிறார்கள். வீட்டைச் சுற்றிச் சுத்தம் வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொல்லையின் கடைசி மூலையில், மாமரத்தடியிலோ எலுமிச்சைத் தூரிலோ, பத்தடிக்குப் பத்தடி இடத்தை மட்டும் துடைப்பம் படாமல் விட்டுவையுங்கள். விழுகிற இலை அங்கேயே கிடக்கட்டும். மற்ற இடத்தில் கூட்டிய சருகையும் அங்கே கொண்டுபோய் நாலைந்து அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். மூடாக்கு என்று தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான் இது. அடியில் ஈரம் நிற்கும், மண்புழு பெருகும், மரத்துக்குத் தண்ணீர்ச் செலவு குறையும். ஆறுமணிக் குருவி தேடி வருவது இந்த இடத்தைத்தான். கொண்டலாத்தியும் நீண்ட அலகால் அங்கே மண்ணைக் குத்திப் புழு எடுக்கும்.

"பாம்பு வருமே, ஐயா?" என்று எந்த ஊரில் பேசினாலும் இந்த இடத்தில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. பாம்பு சருகுக்காக வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வருகிறது. எலியைக் கூட்டுவது கொட்டிக்கிடக்கும் தானியம், மூடாத குதிர், சுவரோரம் அடுக்கிய விறகு. இருந்தாலும் சருகு மூலையை வீட்டிலிருந்து முப்பது அடிக்கு அப்பால், பிள்ளைகள் ஓடியாடாத பக்கமாக, கழிப்பறைக்குப் போகும் தடத்தில் இல்லாதவாறு அமையுங்கள். சருகை அள்ளும்போது வெறுங்கையை விடாமல் வாரியால் வாருங்கள். இடமில்லாத சிறு கொல்லைக்காரர்கள் இதை விட்டுவிட்டு வேலியை மட்டும் கவனித்தால் போதும்.

கொல்லையில் பட்டுப்போன பனை நின்றால் விறகுக்கு விற்றுவிட அவசரப்படாதீர்கள். வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ விழக்கூடியதாக இருந்தால் வெட்டத்தான் வேண்டும். ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடையும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியிருக்கும். உயிருள்ள பனையிலும் தொங்குகிற காய்ந்த ஓலைகளை ஒன்றுவிடாமல் கழிக்காதீர்கள். ஓலையின் அடிப்புறத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரனுக்கு அதைவிட்டால் வேறு வீடு இல்லை.

உட்கார ஒரு கொம்பு

கரிச்சான் எப்படி இரை பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். உயரமான இடத்தில் உட்கார்ந்து நாற்புறமும் பார்க்கும். பூச்சி கிளம்பியதும் பாய்ந்து பிடித்து, அதே இடத்துக்குத் திரும்பி வந்து தின்னும். உட்கார இடமில்லாத வயலில் அதற்கு வேலை இல்லை. மரமில்லாத வெட்டவெளி வயலின் நடுவே புழுக்கள் கொழுத்துக் கிடக்கும். கரிச்சான் வரப்பு மரத்தோடு நின்றுவிடும்.

அதற்குத்தான் பறவை இருக்கை. ஆங்கில எழுத்து 'டி' போல ஒரு குறுக்குக் குச்சியைக் கட்டி, பயிர் மட்டத்துக்கு ஓரடி ஒன்றரையடி மேலே நிற்கும்படி ஊன்ற வேண்டும். சவுக்குக் கழியோ மூங்கிலோ மர மட்டையோ எதுவும் ஆகும். ஏக்கருக்குப் பதினைந்து இருபது போதும். நட்ட மூன்றாவது வாரம் வைத்தால் இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியும் குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சியும் பறக்கும் காலத்தில் உதவும். உளுந்து, துவரை, நிலக்கடலைக்கும் வைக்கலாம். கொல்லைக் காய்கறித் தோட்டத்துக்கு நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று இரண்டு கழி நட்டாலே போதுமானது.

இரண்டு எச்சரிக்கைகள். நெல்லும் சோளமும் பால் பிடிக்கும் பருவம் வந்ததும் இருக்கைகளைப் பிடுங்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகள் அதே கொம்பில் வந்து உட்காரும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் கொம்பு நடக் கூடாது. கரிச்சானுக்கும் பஞ்சுருட்டானுக்கும் தேனீ என்றும் அந்துப்பூச்சி என்றும் பேதம் கிடையாது.

இரவு வேலைக்குக் கூகையும் ஆந்தையும் இருக்கின்றன. சாக்குருவி என்று சொல்லிக் கல்லெறிந்து விரட்டும் வழக்கம் இன்னும் முற்றிலும் போகவில்லை. கூகை வீட்டு மாடத்திலும் கோயில் கோபுரத்திலும் இருந்து கத்துவது, எலி நிறைந்த ஊர் இது என்று தெரிந்துகொண்டுதான். அதன் இரையில் பெரும்பங்கு எலி. மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள் எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டமெங்கும் பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றுகிறார்கள். நாம் வந்த கூகையை விரட்டிவிட்டு எலி மருந்து வாங்குகிறோம். சம்பா பூட்டை கட்டும் நேரத்தில் எலி வெட்டும் வயல்களில், வரப்பு ஓரமாக ஆறேழடி உயரக் கழிகளை நட்டு, உச்சியில் வைக்கோல் பிரியைச் சுற்றிவிடுங்கள். இரவில் ஆந்தை உட்காரக் கால் வழுக்காது.

எலி மருந்து வைத்தவர்கள் ஆந்தையை எதிர்பார்க்க வேண்டாம். புரோமாடியோலோன் போன்ற, இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. நாலைந்து நாள் தள்ளாடித் திரியும், எளிதாக அகப்படும். அதைத் தின்ற கூகையின் உடம்பிலும் அம்மருந்து சேரும். முடிந்தவரை தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். வளையைத் தோண்டிப் பிடியுங்கள். மருந்து வைத்தே தீர வேண்டுமானால் வளைக்குள் வைத்து மூடுங்கள். செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

தண்ணீரும் தானியமும்

மழை நாளில் தண்ணீர் எங்கும் கிடக்கும். தை பிறந்து பள்ளங்கள் வற்றிய பிறகுதான் தட்டு வைக்க வேண்டும். அகன்ற மண்சட்டி, ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். வேலியிலிருந்து ஆறேழடி தள்ளி வெட்டவெளியில் வைத்தால் பூனை பதுங்கி வந்து பிடிக்க முடியாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றுங்கள். மறந்துவிட்டால் குருவிக்குப் பதில் டெங்குக் கொசுவை வளர்த்தவர்கள் ஆவீர்கள்.

தானியம் குறைவாகப் போதும். அரிசி மாவால் கோலமிடுவதும், அறுவடையான புதுக் கதிரைக் கொத்தாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவதும், பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைப்பதும் நம் வீடுகளில் வழிவழியாக இருந்து வரும் வழக்கங்கள். அந்த அளவு சிட்டுக்குருவிக்கு நிறையவே போதும். கோலத்துக்குக் கல்மாவு வந்த பிறகு எறும்புக்கும் குருவிக்கும் அதில் ஒன்றுமில்லாமல் போயிற்று. படி படியாகத் தானியம் இறைத்தால் புறாவும் காக்கையும் மயிலும் எலியும்தான் கூடும். பூசணம் பிடித்த கடலை, ஊசிய சோறு வைக்காதீர்கள். பூசண நஞ்சு மனிதனுக்கு மட்டுமன்று, குருவிக்கும் ஆகாது. விதைநேர்த்தி செய்து மீந்த விதையை முற்றத்தில் உதறிவிடுவது இன்னும் கெடுதல். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வீட்டுக் கோழி வளர்ப்பவர்கள் கோழித் தீவனத்தில் காட்டுப் பறவைகள் வாய் வைக்காதபடி மூடிய இடத்தில் தீனி போடுங்கள். நோய் இரு பக்கமும் தொற்றக்கூடும்.

சிட்டுக்குருவியைப் பற்றி ஒன்று. தானியம் தின்னும் பறவைதான். ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும். சீனத்தில் 1958-ஆம் ஆண்டு, தானியத்தைத் தின்கிறது என்று சொல்லிச் சிட்டுக்குருவியை ஊர்கூடி ஒழிக்க ஓர் இயக்கமே நடத்தினார்கள். பூச்சி பெருகியதைக் கண்டு 1960-இல் பகைவர் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். ஓட்டு வீட்டு இறப்பில் கூடு கட்டி வந்த குருவிக்குக் கான்கிரீட் வீட்டில் இடமில்லை. 15 செ.மீ. சதுரமும் 20 செ.மீ. உயரமும் கொண்ட பலகைப் பெட்டியில் 3.5 செ.மீ. வட்டத் துளையிட்டு, எட்டுப் பத்தடி உயரத்தில் சுவரில் அறையுங்கள். துளை அதைவிடப் பெரிதானால் மைனா நுழைந்துவிடும். வாய் வடகிழக்கைப் பார்த்தால் மழைச்சாரல் அடிக்கும், மேற்கைப் பார்த்தால் மாலை வெயில் சுடும். ஆகவே தெற்குப் பார்த்தாற்போல் வையுங்கள்.

மருந்து

இத்தனையும் செய்து பறவையைக் கூப்பிட்டுவிட்டு, அது வந்து இறங்கும் இடத்தில் நஞ்சை வைத்தால் அதைவிடக் கொடுமை இல்லை. வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் அர்ஜென்டினாவுக்குப் போகும் ஒரு வகைப் பருந்து உண்டு. அங்கே வயல்களில் வெட்டுக்கிளியைத் தின்று உழவர்க்கு உதவி வந்தது. 1995–96-ஆம் ஆண்டுப் பருவத்தில் வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸ் மருந்தால் அப்பருந்துகள் ஆயிரக்கணக்கில் வயலிலேயே செத்து விழுந்தன. நேராக மருந்து பட்டும் செத்தன. மருந்துண்ட வெட்டுக்கிளியைத் தின்றும் செத்தன. வெட்டுக்கிளியை ஒழிக்க வந்த மருந்து, வெட்டுக்கிளியைத் தின்ன வந்த பறவையை ஒழித்தது.

நம் வயலில் என்ன செய்யலாம்? வாரத்துக்கு ஒரு நாள் வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணிப் பாருங்கள். பொருளாதாரச் சேதநிலையைத் தாண்டாதவரை தெளிப்பானைத் தோளில் ஏற்ற வேண்டாம். பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பது காரணமாகாது. தாண்டினாலும் முதலில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம். குருணை மருந்தை வெறும் தரையில் மேலாகத் தூவாதீர்கள். தானியம் என்றும் மணல் என்றும் எண்ணிப் பறவைகள் அதைக் கொத்தும். சில குருணையே ஒரு குருவியைக் கொல்லப் போதும். மருந்து அடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நாளில் மாலையில் அடியுங்கள். வேலியின் மேல் படவிடாதீர்கள். தெளிப்பானைப் பறவை நீர் குடிக்கும் வாய்க்காலில் கழுவாதீர்கள்.

கண்ணி வைத்துக் கொக்கையும் மடையானையும் பிடித்துச் சாலையோரம் விற்பதும் இந்த மாதங்களில்தான் நடக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டம் இருக்கட்டும், தங்கள் வயலில் கண்ணி வைக்க வந்தவன், தங்கள் வயலில் கூலி வாங்காமல் வேலை செய்யும் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறான். வயலுக்குள் விடாதீர்கள்.

பறவையோடு வாழும் ஊர்கள்

இதெல்லாம் சொல்ல எளிது, நடக்குமா என்று ஐயப்படுபவர்கள் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கத்தில் உள்ள கூந்தன்குளத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும். மார்கழியிலிருந்து சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. மீன் நாற்றமும் எச்சமும் கூரைமேல் விழும். ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவை வந்தால் அந்த ஆண்டு மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எச்சம் கரைந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு இடுகிறார்கள். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். ஊரார் அதற்கு வெகுகாலம் முன்பே தாமாகக் காத்து வந்தார்கள்.

வேடந்தாங்கல் உழவர்கள் இன்னும் முந்தியவர்கள். பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டுக் கொல்வதைப் பொறுக்காமல் அந்நாளைய கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் ஏரிக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளைகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வந்திறங்கும் பறவைகள் மிரளும் என்பதற்காக. பிள்ளைகளைச் சமாதானம் செய்துதானே இதை ஆண்டுதோறும் நடத்துகிறார்கள்!

பறவையால் நட்டமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிளி சூரியகாந்தியையும் கொய்யாவையும் கெடுக்கும். மயில் நாற்றையும் நிலக்கடலையையும் கிளறும். அதற்குத் தானியம் வைத்துப் பழக்கினால் விட்டுப் போகாது. சூறைக்குருவி கூட்டமாக இறங்கினால் சோளக்காட்டைக் காலி செய்யும். ஆனால் அதே சூறைக்குருவி தான் குஞ்சு பொரிக்கும் நாடுகளில் வெட்டுக்கிளியை வாரித் தின்கிறது. சீனத்தின் சிஞ்சியாங் பகுதியில் கல்லை அடுக்கிக் கூடு அமைத்து அதை வரவழைக்கிறார்கள். பால் பிடித்த பயிரின் மேல் வடக்குத் தெற்காகப் பளபளப்பு நாடாவை முறுக்கிக் கட்டுங்கள். காலை மாலை மட்டும் ஆள் நின்று ஓட்டினால் போதும். அந்த இரண்டு மூன்று வாரம் கடந்துவிட்டால் அதுவும் நமக்கு வேண்டிய பறவைதான். நைலான் வலையை மட்டும் தளர்வாகப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். சிக்கிய ஆந்தையும் பாம்பும் அதிலேயே தொங்கும்.

ஐப்பசி விடியற்காலையில் விளக்கைக் கண்டு ஓர் ஆறுமணிக் குருவி தங்கள் வீட்டுக்குள் புகுந்து சுவரில் மோதி விழக்கூடும். களைப்புதான், பெரும்பாலும் காயம் இருக்காது. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு திணிக்காதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை வெயில் தாழ்ந்ததும் பெட்டியைக் கொண்டுபோய்ச் சருகு மூலையில், செடி மறைவில் திறந்துவைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சற்று நேரத்தில் அது தானே குதித்து இறங்கிச் சருகைப் புரட்டத் தொடங்கும்.